தொடாதே என்ற மூன்றாவது வரி

டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில், எம்பிராய்டரி பட்டறையின் கதவைத் திறந்ததும் மற்றவர்கள் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து வெளியே வைப்பார்கள். டிசைனக்கா மவுஸை எடுத்து வைப்பாள். வால் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, கைக்குட்டையில் பொதிந்த மவுஸ். அதன் வால் நுனியில், கம்ப்யூட்டரில் செருகும் முனை வட்டமாக இருக்கும். அந்த மாதிரி மவுஸ் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை என்பதால் தினமும் மாலை கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவாள். கிடைக்காது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். மவுஸ் இல்லாமல் அந்தக் கம்ப்யூட்டரை வேறு யாரும் அசைக்க முடியாது.

மவுஸைச் செருகுவாள். பட்டனை அழுத்துவாள். பிறகு பெட்டியின் வலது விலாவில் உள்ளங்கையால் ஒரு தட்டு. உள்ளே இருக்கும் மின்விசிறி முனகிக்கொண்டு சுற்ற மறுக்கும். தட்டினால் வழிக்கு வரும். பலமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, அடம் பிடிக்கும் பிள்ளையின் முதுகில் தட்டுவது போல. தட்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்து டீ குடிப்பாள். அவள் டம்ளரைக் கீழே வைக்கும்போது கறுப்புத் திரையில் மூன்று வரிகள் வந்து நிற்கும். பில். வரைதல். தொடாதே.

புதிதாக வேலைக்கு வருபவர்களிடம், ஒரே பெட்டிக்குள் மூன்று கம்ப்யூட்டர் குடியிருக்கின்றன என்று சொல்லுவாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு வீட்டில் மூன்று குடித்தனம், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத குடித்தனம். ஒன்று விழித்திருந்தால் மற்ற இரண்டும் தூங்கும். பில் போடும் முதல் வரி மூன்றிலும் இளையது. இளையது என்றால், அதற்கே இப்போது பேரன் எடுக்கும் வயது. இரண்டாவதில்தான் வரையும் புரோகிராம் ஓடும்; படத்தைத் தையல் தையலாகப் பிரித்துக் காட்டும் அந்தப் புரோகிராம், வேறு எதிலும் ஓட மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தது. மூன்றாவது கிழம். அதில் படம் கிடையாது, கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும். ஆனால் பட்டறையின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய எம்பிராய்டரி மெஷினுக்குக் கேபிள் வழியாக டிசைனை அனுப்பத் தெரிந்தது அந்தக் கிழத்துக்கு மட்டுமே. அதன் பெயர்தான் தொடாதே.

ஆகவே ஒரு பள்ளிக்கூட பேட்ஜ் தைக்க வேண்டுமென்றால், இரண்டாவதில் வரைந்து, அணைத்து, தட்டி, டீ குடித்து, மூன்றாவதில் எழுப்பி, அனுப்பி, மறுபடி அணைத்து, மறுபடி தட்டி, முதல் வரியில் பில் போட வேண்டும். ஒவ்வொன்றும் கடிகாரத்தில் ஒவ்வொரு நேரம் காட்டும். ஏனென்று எவருக்கும் தெரியாது. மெஷின் ஓட்டுகிற பாபின் அதைப் பார்த்து, நம்ம பட்டறையில மட்டும் யாருக்கும் எப்பவுமே லேட் ஆகாது, வேணுங்கிற நேரத்துக்கு வேணுங்கிற வரியைத் திறந்துக்கலாம் என்பான். பாபினுக்கு நாற்பது தாண்டிவிட்டது. நூல்கண்டு மாற்றுவதில் கை வேகம் என்று சின்ன வயதில் வைத்த பெயர். இப்போது வயிறும் அந்தப் பெயருக்குத் தகுந்தாற்போல் ஆகிவிட்டது.

டிசைனக்கா பிறக்கும்போதே டிசைனக்கா இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, தைத்து வரும் துணியில் தொங்கும் நூல் முனைகளைக் கத்தரிக்கும் வேலைக்குத்தான் இந்தப் படியேறினாள். குனிந்த தலை நிமிராமல் வெட்டுவாள். ஆனால் கண் மட்டும் சும்மா இராது. பெரிய மெஷினும் கம்ப்யூட்டரும் வந்தபோது, கற்றுக்கொடுக்க வந்தவர் முதலாளியின் மகனுக்குத்தான் கற்றுக்கொடுத்தார். மகனுக்குக் கிரிக்கெட் இருந்தது. கற்றுக்கொடுத்தவர் காலியான நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பதைச் சகிக்காமல், நூல் வெட்டுகிறவள் பின்னால் வந்து நின்றாள். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்பதுதான் சுருக்கமாக அவள் வாழ்க்கை.

ஒரு பெட்டிக்குள் மூன்றையும் குடியேற்றியது ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக். அவர் மூன்றாவது வரிக்கு வைத்த பெயர் வெறுமனே 'மெஷின்' என்பதுதான். இரண்டு பேர் இருந்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்று முதலாளி ஒருமுறை இன்னொரு டிசைன் பெண்ணைச் சேர்த்தார். சுறுசுறுப்பான பெண், வாயெல்லாம் பல். வந்த வாரமே 'மெஷின்' என்ற வரியைத் தொட்டுத் திறந்து, ஒரு கிளி பேட்ஜை அனுப்பி, அது நன்றாகவும் வந்துவிட்டது. டிசைனக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த முறை மெக்கானிக் தூசி தட்ட வந்தபோது, அந்த வரியின் பெயரை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டாள். என்ன பெயர் என்றார். சொன்னாள். அவர் அந்தத் தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்துகளில் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெயர் வேலை செய்தது. அந்தப் பெண் மறுநாள் மூன்றாவது வரியைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள். வைரஸா, ஷாக் அடிக்குமா என்று பட்டறையில் ஆளுக்கொன்று பேசினார்கள். டிசைனக்கா எதையும் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. உப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்திருந்து சலித்துப்போய் அந்தப் பெண் வேறு வேலை பார்த்துக்கொண்டு போனாள். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இப்படித்தான் அவள் இல்லாமல் ஆகாது என்ற நிலைமை வந்தது. வந்த பிறகுதான் அதில் ஒரு சிக்கல் இருப்பது தெரிந்தது. இல்லாமல் ஆகாதவள் எங்கும் போக முடியாது. காய்ச்சல் வந்தால் மாத்திரையோடு வந்து உட்கார வேண்டும். அவளுடைய தங்கை கடலோர ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வருடா வருடம் கூப்பிடுவாள். வருடா வருடம் இவள், கம்ப்யூட்டரை யார்கிட்ட விட்டுட்டு வர்றது என்பாள். தங்கைக்குப் பழகிவிட்டது. அதையும் கூட்டிட்டு வா, அதுக்கும் சேத்து சமைக்கிறேன் என்பாள்.

டிசைனக்காவின் கணவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். லாரியின் மேல் அவருக்கு அப்படியொன்றும் பாசம் கிடையாது. லீவு என்றால் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் குப்புறப் படுத்துவிடுவார். மனைவி மவுஸைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துப் பூட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம், நானும் நாளையிலேர்ந்து ஸ்டீயரிங்கைக் கழட்டிக் கொண்டாந்துடறேன் என்பார். அவர் சொல்வதில் அவளுக்குக் கோபம் வராது. அலமாரியைப் பூட்டியதும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

தங்கையைக் கடைசியாகப் பார்த்தது இருவரும் இளமையாக இருந்த காலம். அப்போது அலையில் கால் நனைத்துக்கொண்டு எடுத்த படம் ஒன்று உண்டு. அதை இரண்டாவது வரியின் திரையில் பின்னணியாக வைத்திருந்தாள். அந்தக் கிழட்டுத் திரைக்குப் பதினாறு நிறம்தான் தெரியும். கடல் பட்டை பட்டையாகப் பாய் விரித்தது போல இருக்கும். அக்கா தங்கை இருவருக்கும் முகம் ஒரே ஆரஞ்சு. ஆனாலும் தினமும் பார்ப்பாள்.

முதலாளியின் மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் பட்டறைக்கு வந்தது இந்த நிலைமையில்தான். கம்ப்யூட்டர் படித்த பெண். முதல் நாளே பெட்டியின் முனகலைக் கேட்டுவிட்டு, இது எத்தனை நாள் தாங்கும் என்றாள். அதைக் கேட்காமல் இருப்பதற்குத்தான் பட்டறையே இத்தனை காலம் பாடுபட்டுக்கொண்டிருந்தது. முதலாளி விட்டத்தைப் பார்த்தார். பாபின் மெஷினுக்கு எண்ணெய் விடப் போனான்.

மருமகள் குணம் கெட்டவளாக இருந்திருந்தால் டிசைனக்காவுக்கு வசதியாக இருந்திருக்கும். இவளோ மரியாதையாக நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு விளக்கினாள். இந்தப் பெட்டிக்குள் இருப்பதை அப்படியே நகலெடுத்து, என் லேப்டாப்புக்குள் ஒரு பெட்டி மாதிரி வைத்துவிடலாம். நிஜப் பெட்டி இல்லை, ஆனால் உள்ளே இருப்பவற்றுக்கு அது தெரியாது. பழைய வீட்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். யாராவது எதையாவது கெடுத்துவிட்டால் நேற்று இருந்த மாதிரி திருப்பிக்கொள்ளலாம். எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

"அப்ப யாரு வேணாலும் தொடலாமா?" என்று கேட்டாள் டிசைனக்கா.

"தாராளமா தொடலாம்க்கா. ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாது என்பதுதான் அவளுக்குப் பயம். தொட்டால் ஏதோ ஆகும் என்ற ஒன்றை வைத்துத்தானே அவள் இத்தனை வருடம் சாப்பிட்டது. அன்று வீட்டில், என்னையும் சேத்து அந்தப் பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறா என்று சொல்லி அழுதாள். கணவர், அழாதே, நகல் எடுத்தா எனக்கு ஒண்ணு கேட்டு வாங்கு, இங்க சமைக்க ஆள் இல்ல என்றார். அந்த வாரம் முழுவதும் அவருக்குச் சாப்பாட்டில் உப்பு சரியாக விழவில்லை.

நகல் எடுக்கும் நாள் வந்தது. கிழக் கம்ப்யூட்டர் கடைசிவரை காட்டிக்கொடுக்காது என்று நம்பினாள். அது எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. லேப்டாப் திரைக்குள் ஒரு சின்னத் திரை. அதற்குள் அதே கறுப்பு, அதே மூன்று வரிகள், தொடாதே உட்பட. இரண்டாவதைத் திறந்தால் அதே பட்டைக் கடல், அதே ஆரஞ்சு முகங்கள். தன் வீட்டு முற்றத்தை வேறொருவர் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பது போலிருந்தது அவளுக்கு.

அனுப்பிப் பார்த்தபோது மட்டும் ஒரு நல்லது நடந்தது. கிளி பேட்ஜ்தான் அனுப்பினார்கள். புது லேப்டாப் வேகம் தாங்காமல் அந்தக் கிழப் புரோகிராம் தலைதெறிக்க ஓடியது. கிளியின் அலகு வாலில் முளைத்தது, கண் துணிக்கு வெளியே போய்விட்டது. டிசைனக்கா அந்தக் கிளியைக் கத்தரித்துத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். மனசு அவ்வளவு லேசாகி ரொம்ப நாளாகியிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் மருமகள் சொல்லிக் காட்டிய ஒன்றை அவள் காதில் வாங்கவில்லை. அந்தச் சின்னத் திரைக்குள் சொடுக்கினால் மவுஸின் அம்பு உள்ளேயே மாட்டிக்கொள்ளும், வெளியே வர வேண்டுமென்றால் விசைகளில் வலது ஓரத்தில் இருக்கும் இந்த ஒன்றை அழுத்த வேண்டும் என்று அவள் அழுத்தியும் காட்டினாள். டிசைனக்கா தலையாட்டியபடி கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மருமகள் லேப்டாப்பை அந்தக் கிழத்துக்காக மெதுவாக ஓடும்படி செய்துவிட்டாள். வேகமா போகும்னு காசு குடுத்து வாங்கி, மெதுவா போகக் கத்துக்குடுக்கிறாங்க என்று டிசைனக்கா பாபினிடம் சொன்னாள். ஆனால் கிளி சரியாக வந்தது. அலகு அலகிலும் வால் வாலிலும் இருந்தன. பழைய பெட்டியை மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் வைத்து, ஹோட்டலுக்குத் தைத்ததில் பிசகிக் கழித்துப்போட்ட டவல் ஒன்றால் மூடினார்கள்.

"இனிமே நீங்க தைரியமா லீவு எடுக்கலாம்க்கா. உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாங்களேன்" என்றாள் மருமகள். முதலாளியும், ஒரு வாரம் போயிட்டு வாம்மா என்றார். இருவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். வேலையை விட்டு அனுப்புகிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டா அனுப்புவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போகும் முன் பாபினிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, மெஷினுக்கு அனுப்பறது மூணாவது வரிதான் என்றாள்.

பாபின் முகத்தில் ஈயாடவில்லை. "தொடாதேன்னு போட்டிருக்கேக்கா."

"போட்டிருந்தா?"

"இத்தனை வருஷமா நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூட பாக்கலையே."

"நல்லதுதானே, இப்பப் பாரு" என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மவுஸும் பையில்தான் இருந்தது. லேப்டாப்புக்கு அது தேவையில்லை, அதன் நுனி எதிலும் நுழையாது. இருந்தாலும் விட்டுவிட்டு வரக் கை வரவில்லை.

கடல் நீலமாக இருந்தது. பட்டை பட்டையாக இல்லை. அதைப் பார்க்க ரயிலேறி வந்தவள், மணலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புக் காற்று படக் கூடாதென்று போனை பிளாஸ்டிக் கவரில் போட்டிருந்தாள். கவருக்குள் இருந்தால் மணி கேட்காதோ என்று நிமிடத்துக்கொருமுறை எடுத்தும் பார்த்தாள். அது அடிக்கவில்லை. முதல் நாள் அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த நாள் கணவர்தான் கூப்பிட்டு, துவைக்கிற சோப்பு எங்க இருக்கு என்று கேட்டார்.

"அடிக்கலைன்னா நல்லதுதானேடி. நிம்மதியா இரேன்" என்றாள் தங்கை. வயதில் சின்னவள், ஆனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்காவை டி போட்டுத்தான் பேசுவாள்.

"நான் இல்லாம ஓடுதுடி அங்க."

"ஓடட்டுமே."

"ஓடினா என்னை எதுக்கு வச்சிக்கணும்?"

தங்கை அக்கா பக்கம் திரும்பினாள். "உன்னை வேலைக்கு வச்சது படம் வரையவா, வாட்ச்மேன் வேலை பாக்கவா?" என்று கேட்டாள். பிறகு எழுந்து, முட்டிவரை புடவையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, வர்றியா இல்லையா என்று கையை நீட்டினாள். டிசைனக்கா போனை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டே இறங்கினாள். யாரோ ஒரு பெண்ணைக் கூப்பிட்டு மறுபடி அதே மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். இந்தப் படத்தில் அக்கா மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை.

அன்றிரவு, திரும்பிப் போனதும் முதலாளியிடம் என்ன சொல்வது என்று படுக்கையில் ஒத்திகை பார்த்தாள். நானே நின்னுக்கறேன்யா என்று சொல்லிவிட வேண்டும். அவர்கள் சொல்லும்படி வைத்துக்கொள்ளக் கூடாது. மறுபடி நூல் வெட்டவும் உட்கார முடியாது. கண் முன்போல் இல்லை.

மறுநாள் சாப்பிட உட்காரும்போது போன் அடித்தது. பாபின். தட்டைத் தள்ளிவிட்டு வாசலுக்கு வந்தாள். மனசு குதித்ததை அடக்கிக்கொண்டு, என்னப்பா, சாப்பிடறேன் என்று சலித்துக்கொண்டாள்.

பாபின் குரல் கம்மியிருந்தது. இத்தனை நாள் எல்லாம் சரியாகத்தான் போனது. அனுப்பினான், தைத்தது. இன்று அம்பு அந்தச் சின்னத் திரைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. எந்த டிசைன் எத்தனை டவலில் என்ற பட்டியலை ஹோட்டல்காரர்கள் மெயிலில் அனுப்பியிருக்கிறார்கள். அதைத் திறக்க அம்பு வெளியே வந்தாக வேண்டும். டவல்கள் சாயங்காலம் போகாவிட்டால் இனிமேல் அவர்கள் வேறு பட்டறை பார்ப்பார்கள். வெளியூர் கிளம்பிய மருமகளும் மகனும் விமானத்தில் இருக்கிறார்கள், போன் எடுக்கவில்லை. முதலாளி மாடிப்படிக்குக் கீழே போய் டவலை நீக்கிப் பழைய பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன பண்றதுக்கா?"

டிசைனக்காவுக்குத் தெரியாது. மருமகள் என்னவோ காட்டினாள் என்பது நினைவிருந்தது. அந்த இடத்தில் நினைவில் இருந்ததெல்லாம் வாலில் முளைத்த அலகு மட்டும். தெரியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால், தெரியாத ஒருத்திக்கு எதற்கு இத்தனை வருடம் நாற்காலி என்று அவர்கள் நினைக்கலாம். சொல்லாமல் சும்மாவும் இருக்க முடியாது. அவன் மூச்சு காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

"தட்டினியா?" என்று கேட்டாள்.

"எது?"

"காலைல திறக்கும்போது தட்டினியா?"

"தட்டாம இருப்பேனாக்கா? தினமும் தட்டறேன். டீயும் குடிக்கறேன். நீங்க செய்யற மாதிரியே சுவத்தைப் பாத்துத்தான் குடிக்கறேன்."

லேப்டாப்பில் தட்டி எழுப்ப வேண்டிய மின்விசிறி எதுவும் இல்லை என்பதைச் சொல்ல இது நேரமில்லை.

"எங்க தட்டற?"

"மூடி மேலக்கா. அது தட்டையால்ல இருக்கு, விலாவே இல்லையே."

"மேல தட்டினா எப்படிப்பா கேக்கும்? வலது பக்கமா தட்டணும். ஓரமா. உள்ளங்கையால."

"பலமாவா?"

"பலமாவும் வேணாம், மெதுவாவும் வேணாம்."

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தட்டும் சத்தம். அவன் உள்ளங்கை அகலமானது. விசைகளின் வலது ஓரத்தில் விழுந்தது, மருமகள் அன்றைக்குக் காட்டிய விசை எங்கிருந்ததோ சரியாக அங்கே. பிறகு பாபின் யாரிடமோ, வந்திருச்சுய்யா, வெளிய வந்திருச்சு என்று கத்துவது தூரத்தில் கேட்டது. படிகளில் முதலாளி ஏறி வரும் காலடிச் சத்தமும் கேட்டது.

போனை முதலாளி வாங்கினார். "நீ இல்லாம முடியாதும்மா" என்றார். "ஆனா அவசரமில்ல, இருந்துட்டே வா."

உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தாள். தங்கை, என்னவாம் என்றாள். ஒண்ணுமில்ல, சின்ன விஷயம் என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அன்று சாயங்காலம் கடலுக்குப் போகும்போது போனை எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதமும் வந்துவிடுவதாகத் தங்கையிடம் வாக்குக் கொடுத்தாள். தங்கை நம்பாமல், உன் வாயால சொன்னதே போதும் என்றாள்.

திரும்பி வந்தபோது பட்டறையில் தட்டு நிலைபெற்றிருந்தது. காலையில் ஒன்று, அம்பு மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் ஒன்று. நூல் வெட்டும் பெண்கள்கூடச் சரியான இடத்தில் தட்டக் கற்றிருந்தார்கள். சாயங்காலம் லேப்டாப்பின் சார்ஜரைச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, கைக்குட்டையில் பொதிந்து பாபின் வீட்டுக்கு எடுத்துப் போனான். ஏன் என்று கேட்டதற்கு, இது கெட்டா கடைல கிடைக்காது என்றான். அது தெருமுனைக் கடையில் கிடைத்தது.

மருமகள் ஊரிலிருந்து வந்ததும் இதையெல்லாம் ஒரு நாள் முழுக்கப் பார்த்தாள். மறுநாள் டிசைனக்காவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, அந்தத் தட்டுல ஒண்ணும் இல்ல. கை பட்டு அந்த விசை அழுந்துது, அவ்வளவுதான்" என்றாள்.

"தெரியும்" என்றாள் டிசைனக்கா. அப்போதுதான் தெரிந்தது.

மருமகள் சிரித்தாள். பாபினிடமும் சொல்லிப் பார்த்தாளாம். அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, நீங்க படிச்சவங்க மேடம், நீங்க சொல்ற மாதிரியும் இருக்கலாம், ஆனா அக்கா வெளியூர்லேர்ந்து போன்லயே தட்டச் சொன்னாங்க, வந்திருச்சே என்றானாம்.

டிசைனக்கா திரையைப் பார்த்தாள். மூன்று வரிகள் காத்துக்கொண்டிருந்தன. அடுத்த மாதம் கடலுக்குப் போக வேண்டும். போனை எடுக்காமல் போக வேண்டும். இப்படியே விட்டால் பாபின் எங்கே தட்டுவது, எத்தனை பலம் என்று மணிக்கொருமுறை கூப்பிடுவான். அவன் தவறு செய்யாமலிருக்க இனி அவள் எங்கும் போகாமலிருக்க வேண்டும். பாதுகாத்து வைத்த நாற்காலி தன்னைத்தான் பூட்டி வைத்திருந்தது என்பதை அவள் அந்த வார்த்தைகளில் நினைக்கவில்லை. தண்ணீரில் நின்ற தங்கையின் நீட்டிய கையைத்தான் நினைத்தாள்.

"ஏம்மா, இந்த மூணாவது வரியோட பேரை மாத்த முடியுமா?"

"ஒரு நிமிஷ வேலைக்கா. என்னன்னு போடட்டும்?"

"மெஷின்னு போடு. முதல்ல அதுதான் இருந்துச்சு."

மருமகள் போட்டாள். இரண்டாவதின் பின்னணிப் படத்தையும் மாற்றித் தரச் சொன்னாள் டிசைனக்கா. புதுப் படமும் அதே பதினாறு நிறத்தில்தான் வந்தது. கடல் மறுபடி பட்டை பட்டையாகப் பாய் விரித்தது. அக்கா எங்கோ பார்த்துக்கொண்டிருக்க, தங்கை ஆரஞ்சாகச் சிரித்தாள். அன்று சாயங்காலம் வட்ட நுனி மவுஸை மாடிப்படிக்குக் கீழே பழைய பெட்டியின் மேல், டவலுக்கு அடியில் வைத்துவிட்டு வெறும் பையோடு வீட்டுக்குப் போனாள். கணவர் அலமாரி திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்து, அது வராமல் போகவே, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

மறுநாள் காலை வேண்டுமென்றே தாமதமாகப் புறப்பட்டாள். அவள் போய்ச் சேர்வதற்குள் பாபின் திறந்து, மூன்றாவதைத் தொட்டு, அனுப்பி, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள். படியேறும்போது மெஷின் சத்தம் கேட்கவில்லை. எல்லோரும் சுவரோரம் நின்றிருந்தார்கள். லேப்டாப் பாதி மூடியிருந்தது. அதன் முன்னால் பாபின், தெருவில் பள்ளம் விழுந்தால் வண்டிகளை நிறுத்துகிறவன் போல இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"யாரும் கிட்ட வராதீங்க. மூணாவது வரி மாறியிருக்கு. எவனோ கை வச்சிருக்கான். அக்கா வர்ற வரைக்கும் தொடாதீங்க."

டிசைனக்கா கடைசிப் படியில் கொஞ்ச நேரம் நின்றாள். நான்தான் மாற்றச் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. பாபின் கைகளை இறக்கி, அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினான். அவன் நெற்றியில் வியர்வை. தங்கைக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவள் நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள், லேப்டாப்பை முழுக்கத் திறந்தாள், அதன் வலது ஓரத்தில் உள்ளங்கையால் ஒன்று கொடுத்தாள். எப்போதும் தட்டுவதைவிடக் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

"டீ சொல்லுப்பா" என்றாள்.